எதிர்பார்ப்பு: பூஜ்யம்

போன செவ்வாய்க்கிழமை
சோதனை சர்வர் தன்னை நிஜமென்று நம்பிவிட்டது.
வினிபெக்கிலிருந்து ஏரிக்கரை ஊர்கள் வரைக்கும்
நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு
விடியற்காலை மூன்று பத்துக்கு மெயில்:
உங்கள் செல்லத்துக்குத் தடுப்பூசி நாள் நெருங்குகிறது.

பெரும்பாலோர் அழித்திருப்பார்கள்.
கிம்லியிலிருந்து திருமதி ஸிகுர்ட்ஸன் மட்டும் பதில் போட்டார்:
டஃபியைப் புதைத்து எட்டு மாதம் ஆகிறது.
எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும்?

அதனால்தான் இந்த லிஸ்னர்.
மெயில் கிளம்புவதற்கு முன் ஒரு கணம் உண்டு.
பூட்ஸ் மாட்டியாயிற்று, கதவுப்பிடியில் கை.
அப்போது நிரல் உரக்கச் சொல்லும்,
இதோ அனுப்பப்போகிறேன்.
அந்தக் குரலுக்காக விழித்திருப்பவன் இவன்.
பெயர் கேட்பவன்,
வேலை மறிப்பது.
மொத்தம் பதினோரு வரி.

எழுதியது அரை மணியில்.
போகவில்லை என்பதை எப்படிச் சோதிப்பது?
நடந்ததற்குச் சாட்சி கிடைக்கும்.
நடக்காததற்கு யாரைக் கூப்பிடுவது?

ரோமெல் முதல் டெஸ்ட்டை எழுதினான்.
எதிர்பார்ப்பு: பூஜ்யம்.
கிடைத்தது: பூஜ்யம்.
திரையில் பச்சை.
நான்கு பேர் கைதட்டினோம்,
பெட்டியில் மிஞ்சியிருந்த டோனட்டைப் பிய்த்துத் தின்றோம்.

எல்லோரும் போன பிறகு
ஏனோ கை அரித்தது.
லிஸ்னரின் பதினோரு வரியையும் முடக்கிவிட்டு
மறுபடி ஓட்டினேன்.

பச்சை.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எனக்கு முதுகில் வியர்த்தது.

தேடிப் பார்த்தால்
டெஸ்ட்டுக்கென்று நாங்கள் படைத்த வாடிக்கையாளருக்கு
நாயே இல்லை.
பூனை, முயல், கிளி எதுவும் இல்லை.
வெறும் பெயர், வெறும் முகவரி.
அந்த வீட்டுக்கு எவன் தடுப்பூசி நினைவூட்டுவான்?

திருடன் வராத ராத்திரியில்
தூங்கிய காவலாளிக்கும் சம்பளம் உண்டு.
வாயைப் பொத்திய மௌனமும்
பேச ஆளில்லாத மௌனமும்
எண்ணிப் பார்த்தால் ஒரே பூஜ்யம்தான்.

அவருக்கு ஒரு நாய் கொடுத்தேன்.
ஆறு வயது, பழுப்பு நிறம், ஊசி போடும் நாள் நாளை.
பெயர் கேட்ட கட்டத்தில்
விரல் தானாக டஃபி என்று தட்டியது.

காவலன் இல்லாமல் ஒருமுறை ஓட்டினேன்.
எதிர்பார்ப்பு பூஜ்யம், கிடைத்தது ஒன்று.
வெளியே போகாத பொறிப் பெட்டியில் வந்து விழுந்தது.
சிவப்பு.
சிவப்பைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தது
அதுதான் முதல் தடவை.
காவலனை எழுப்பி நிறுத்தினேன்: பச்சை.
இது வேறு பச்சை.

மறுநாள் ஒக்ஸானா கேட்டாள்,
எல்லா வாசலிலும் இவன் நின்றுவிட்டால்?
உயிரோடிருக்கும் நாய்களுக்கு யார் சொல்வது?
நியாயம்.
நிஜ சர்வரில் ஒன்றாவது போயே ஆக வேண்டும் என்று
இன்னொரு டெஸ்ட்.
இவனுக்கு முன்னால் வேறொரு லிஸ்னர் முந்திக்கொண்டால்
என்று இன்னொன்று.
வெள்ளி மாலை வரை இதே பிழைப்பு.

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
வக்கீல் பார்த்துத் திருத்திய வருத்தம் போய்விட்டது.
கிம்லிக்கு மட்டும் நானே எழுதினேன்.
நாலு வரி. மூன்றை அழித்து மீண்டும் எழுதி,
கண்ணை மூடிக்கொண்டு
அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.

பதிவேட்டில் ஒரு வரி முளைத்தது:
மறிக்கப்பட்டது. பெறுநர் ஸிகுர்ட்ஸன். எண்ணிக்கை ஒன்று.

நாள் முழுக்கத் திறந்து கிடந்த
சோதனைச் சன்னலிலேயே இருந்திருக்கிறேன்.

வேலை செய்கிறது ரோமெல், என்றேன்.
மேலங்கியில் ஒரு கையை நுழைத்தபடி
அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.

சரியான சன்னலைத் திறந்து
முதலிலிருந்து தட்டத் தொடங்கினேன்.
இந்தத் தடவை டஃபியின் பெயர்
முதல் வரியிலேயே வந்துவிட்டது.