ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க, நீங்க அன்னிக்கு"
என்று ஆரம்பித்தாள் புஷ்பலீலா.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
"அன்னிக்கு" என்றாள் மறுபடி.
அது "அன்னி" ஆயிற்று, பிறகு "அ",
ரிமோட் கைநழுவித் தரையில் விழுந்து
பேட்டரி இரண்டும் சோபாவுக்கடியில் உருண்டன.

என்றைக்கு?
முப்பத்தொரு வருடத்தில் எத்தனை அன்றைக்கு!
ஈசூன் சாலையில் ஆம்புலன்ஸ் திரும்ப
அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய்த் தேடினேன்.
நாலு நம்பரில் விட்ட போனஸ்.
மாமனார் சாவுக்கு அடக்கம் முடிந்து போய் நின்றது.
குற்றவாளி யாரென்று தெரியும்,
குற்றம்தான் தெரியவில்லை.

மருத்துவர் திரையைத் தொட்டுக் காட்டினார்,
இடப்பக்கம், ஐம்பது காசு அகல இருட்டு.
"அறிவு அப்படியே இருக்கிறது,
சொல்லுக்குப் போகும் வழிதான் போய்விட்டது.
தயவுசெய்து கத்திப் பேசாதீர்கள்,
காதுக்கு ஒன்றும் ஆகவில்லை."
அதுவரை கத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வாரம் ஒரே ஒரு சொல் வந்தது.
"சூடா."
காப்பியைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து,
பக்கத்துக் கட்டில் சீனப்பாட்டியைப் பார்த்து, சூடா.
கஞ்சியை ஆற்றினேன். நெற்றியைத் தொட்டேன்.
போர்வையை விலக்கினேன், மறுபடி போர்த்தினேன்.
தாதி ஹயாத்திதான் சிரித்தாள்:
"அங்கிள், ஆன்ட்டி மலாய் பேசறாங்க. சுடா. முடிஞ்சிடுச்சு."

எனக்குத் தெரியாத மலாயா?
வீட்டில் அவள் பேசியதில்லை, அவ்வளவுதான்.
இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவள்,
கடைசி ஆள் இறங்கியதும் விளக்கணைத்து
டிப்போவில் சொல்லும் சொல்லாக இருக்கும்.

குறிலா நெடிலா?
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
உமறுப்புலவர் நிலையத்தில் படித்தது.
இப்போது காலையில் மூன்று, இரவில் இரண்டு,
அதில் ஒன்று பாதியாய் உடைத்தது.
அவள் வாயும் ஒன்றரையில்தான் நிற்கிறது.

எங்கள் புளோக்கில் முன்பெல்லாம் லிஃப்ட்
எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது.
ஏழாம் மாடிக்கு அரிசியைத் தூக்கிக்கொண்டு
வீடமைப்புக் கழகத்தைத் திட்டியபடி ஏறுவாள்.
இப்போது கரண்டி வேண்டுமென்றால் கத்தி என்கிறாள்.
நான் ஒரு மாடி இறங்கிப்போய் எடுத்துவருகிறேன்.
மூன்று சொல்லச் சொன்னால் வராது,
ஒன்றிலிருந்து ஏறவிட்டால்
மூன்றில் நிற்காமல் பத்துக்குப் போய்விடும்.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஹுய் லிங்
அட்டைகளை அடுக்குவாள்: நாய், குடை, பனிமனிதன்.
பனிமனிதனைப் பார்த்து நாங்கள் மூவருமே
கொஞ்சநேரம் பேசாமலிருந்தோம்.

போன ஞாயிறு பால் பொங்கி வழிந்தது.
"சனியனே!"
முழுசாய், எழுத்து ஒன்று குறையாமல்.
அடுப்பை அணைக்க மறந்து நின்றேன்.
இன்னொரு தடவை, லீலா, இன்னொரு தடவை.
உதட்டைக் குவித்தாள். தேடினாள்.
வரவில்லை. கூப்பிட்டால் பூனை வருமா.
பால் தீய்ந்த வாசனையில் இருவரும் அழுதோம்,
வேறு வேறு காரணத்துக்காக.

நேற்றிரவு கேட்டேவிட்டேன்.
"அன்னிக்கு நான் என்ன செஞ்சேன்?"
வெகுநேரம் பார்த்தாள்.
அவளுக்குத் தெரிந்திருந்தது.
சொல்ல வந்த கோபம் கண்ணில் அப்படியே இருந்தது,
ஒரு சுருக்கம்கூட விழாமல்.
என் கோப்பையை என் பக்கம் நகர்த்தி
"சூடா" என்றாள்.
அல்லது "சுடா".

தொட்டுப் பார்த்தேன், ஆறித்தான் போயிருந்தது.
"பெலும்" என்றேன், இன்னும் முடியலை.
வருகிற இடதுகையால்
என் தோளில் ஒன்று போட்டாள்.
வலித்தது.