இரைச்சல்

அகளி லாட்ஜில் மின்விசிறியை நிறுத்திவிட்டு
நாற்பத்து மூன்றாம் பதிவை எழுத்தாக்குகிறேன்.
நிமிடத்துக்கு எட்டு ரூபாய்.

வீட்டில் என்ன பேசுவீர்கள்?
'மலையாளம்' என்கிறாள் ரங்கி, ஆறாம் வகுப்பு.
ஆனைகட்டிச் சந்தையில்?
'தமிழ்.'
இருளம் தெரியுமா?
வார்டனின் செருப்புச் சத்தம்
வருகிறது, நிற்கிறது, போகிறது.
படிவத்தில் என் கையெழுத்து: தெரியாது.

நன்றி சொன்னேன். கருவியை அணைக்கவில்லை.

பிறகு பதினோரு நிமிடம்.
வினாத்தாளை ஓர் ஆடு மென்றிருக்கிறது.
அதைத் திட்டுகிறாள் ரங்கி,
அதன் தாயை, தாயின் தாயை,
ஊருக்குள் ஓட்டிவந்தவனை.
மருதி குறுக்கே விழுந்து
ஆட்டை அப்படித் திட்டக்கூடாது என்று
வேறொரு சொல் எடுத்துக் கொடுக்கிறாள்,
இன்னும் மோசமான சொல் போலும்:
இருவருக்கும் சிரித்து விக்கல்.
எனக்குப் பாதி புரிகிறது.
மீதி ஆட்டுக்குத் தெரியும்.

நேர்காணலுக்கு வெளியே கேட்பதெல்லாம்
இரைச்சல், வெட்டிவிடவும் என்கிறது கையேடு.
வெட்ட மனமில்லை.
வைத்துக்கொள்ளவும் உரிமையில்லை,
அவள் தலையாட்டியது
முதல் நான்கு நிமிடத்துக்குத்தான்.

காலை முதல் பஸ்ஸில் சோலையூர் போய்
அவளிடமே கேட்க வேண்டும்,
வார்டன் இல்லாத இடமாகப் பார்த்து.
கட்டாயம் திட்டுவாள்.
எந்த மொழியில் என்றுதான்
தூக்கம் வரவில்லை.