ஐம்பது பாஸ்கல்

வாசற்கதவை விரியத் திறந்து
அந்தச் சட்டத்தில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டினேன்.
துணியின் நடுவே விசிறி.
வோரு நகரிலிருந்து பதினாறு கிலோமீட்டர்,
நவம்பர், நாலு மணிக்கே இருட்டு.
தார்மோவும் கைரேவும் சுவரோரம் நின்றார்கள்,
பரீட்சை முடிவு ஒட்டிய பலகையை
நெருங்கத் துணியாதவர்கள்போல.

கோப்பை முழுக்கப் படித்திருந்தேன்.
சுவருக்குள் காகிதக்கூழ் நாற்பது சென்டிமீட்டர்,
ஒவ்வொரு ஜன்னலுக்கும் மூன்று கண்ணாடி,
கூரைத் தண்ணீருக்குத் தொட்டி, தொட்டிக்கு ரசீது,
பலகையெல்லாம் உள்ளூர்ப் பைன்தான் என்று
மர ஆலைக்காரரின் கோணல் கையெழுத்து.
எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு.
இருவரும் ஆளுக்கொரு காரில்
தினமும் தார்த்துவுக்குப் போய் வருவதற்கு
படிவத்தில் கட்டமே இல்லை.
நானும் கேட்கவில்லை.

விசிறி சுற்றியது.
வீட்டின் வயிறு உள்ளே ஒட்டியது.
ஐம்பது பாஸ்கலில் எண் வந்து நின்றது:
புள்ளி ஆறு மூன்று.

புள்ளி ஆறைத் தாண்டக் கூடாது.

"கருவி சரிதானே?"
எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்பது இது.
இங்கே தார்மோ கேட்டார்.
கைரே ஒன்றும் கேட்காமல்
கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அது ஏதோ வாக்குத் தவறிவிட்டதுபோல.

புகைக்குச்சியோடு கிளம்பினேன்.
பிளக் ஓரம், ஜன்னல் ஓரம்,
குழாய் நுழையும் இடம், குழாய் வெளியேறும் இடம்.
எங்கும் புகை நல்ல பிள்ளையாய் நேரே ஏறியது.
(என் வாடகை வீட்டில் இந்தக் குச்சியை
நான் ஒருநாளும் கொளுத்தியதில்லை.
அங்கே திரைச்சீலையே சொல்லிவிடும்,
எந்தத் திசையில் காற்றென்று.)
கூடவே லென்னா வந்தாள்,
ஒன்பது வயது, முழங்கால்வரை கம்பளிக் காலுறை.
படிக்கட்டுக்கு அடியிலுள்ள அலமாரியை நெருங்கியதும்
"அங்க ஒண்ணுமில்ல" என்றாள்.

கேட்காமலே ஒன்றுமில்லை என்றால்
ஒன்று இருக்கிறது.

பனிச்சறுக்குக் காலணிகளை நகர்த்தியதும்
புகை திடுக்கிட்டு
என் மூக்கில் வந்து மோதியது.
இரண்டு விரல் நுழையும் துளை.
துளைக்குள் வயர்.
வயரின் அந்த முனையில்
கொல்லைக் கோழிக்கூட்டில் ஒரு விளக்கு,
நாற்பது வாட்.
அப்பாவின் நீள அலகுத் துளைக்கருவி,
யாருமில்லாத ஒரு சனிக்கிழமை.
பலகையைத் தாண்டி, காகிதக்கூழைத் தாண்டி,
எட்டாயிரம் யூரோ ஆவித்தாளையும் தாண்டி
மறுபக்கம் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

தார்மோ வாயைத் திறந்தார்.
அதற்குள் அவள் சொன்னாள்:
"அதுங்களுக்கு ஒரு கண்ணாடிகூட இல்லையே."

யாரும் பதில் சொல்லவில்லை.
கைரே படியில் உட்கார்ந்து
சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை,
தோள் மட்டும் குலுங்கியது.
தார்மோ வயரை உருவினார்,
துளையில் கம்பளி திணித்தார்,
நாடாவை ஒட்டி, ஒட்டியதன்மேல் ஒட்டி,
உள்ளங்கையால் வெகுநேரம் அழுத்திக்கொண்டே நின்றார்.

புள்ளி ஐந்து ஒன்பது.
கையெழுத்துப் போட்டேன்.
வாசலில் பதிக்கும் தகடு தபாலில் வரும்,
ஆறு வாரம் ஆகும் என்றேன்.

காருக்குள் கை சூடேற உட்கார்ந்திருந்தபோது
மூன்று கண்ணாடிகளுக்கு அப்பால் பார்த்தேன்:
கைரே ஒரு அட்டைப்பெட்டியை
அணைத்தபடி உள்ளே வந்தாள்.
லென்னா கையில் இன்னொன்று.
தார்மோ பழைய செய்தித்தாளை
அலமாரித் தரையில் விரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டின் வெப்பக் கணக்கில்
குடியிருப்பவர்களையும் சேர்ப்போம்,
ஓர் ஆளுக்கு எண்பது வாட்.
கோழிக்கு எத்தனை?
பிரதான சாலைக்கு வந்த பிறகும்
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.