எடை போதாத பறவை

நாகர்கோவில் கிழக்கு, களப்புப் பக்கம்,
பதினேழாம் துண்டு.
காலை ஆறரைக்கு முகக்கவசம் இறக்கி
ஒரு முழ மண்ணின் முன்னே
அரை மணி நேரம் முழங்காலில் நிற்கிற வேலை எனக்கு.
கருவி கத்தினால் நிறுத்துவேன்.
கத்தாவிட்டாலும் உடனே நம்ப மாட்டேன்.

அன்று சத்தம் கருவியிலிருந்து வரவில்லை.
சிவப்பு முனைக் கட்டைகளுக்கு அப்பால்,
நாங்கள் இன்னும் தொடாத மண்ணில்,
என் தோள் உயரத்துக்கு ஒன்று
அலகைத் தட்டிக்கொண்டு நின்றது.
ஒரு காலைத் தூக்கி, யோசித்து, வைத்தது.
பயிற்சியில் எங்களுக்குக் காட்டித் தந்த அதே நடை.
"அதின்ர பாரத்துக்கு வெடிக்காது," என்றாள் தவறூபி.
"எங்கட பாரத்துக்குத்தான்."

கருங்கழுத்து நாரை என்று
படத்தோடு வந்து சொன்னார் கமலறஞ்சன்,
சேறு காணாத சப்பாத்தோடு.
இந்தக் கரையில் யாரும் எழுதி வைத்து
இருபது வருசமாம்.
கறுப்பு என்பது தூரத்துக் கணக்கு.
வெயில் சரிந்தால் அந்தக் கழுத்தில்
பச்சை ஓடும், ஊதா ஓடும்,
மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீரில் ஓடுவது போல.
கண் மஞ்சளாய் இருந்தால் பெண்.
கண்ணே தெரியாமல் கறுத்திருந்தால் ஆண்.
இருவரும் இருந்தார்கள்.
பாலை மரத்து உச்சியில்
ஒரு பாய் அகலத்துக்குச் சுள்ளி.

மேலிடத்துக்குக் கடிதம் போனது.
மரத்தைச் சுற்றி நாற்பது மீற்றர்
பங்குனி முடியும் வரை தொட வேண்டாம்.
காசு தந்த நாட்டிலிருந்து வந்தவர் கேட்டார்,
வரைபடத்தில் ஏன் இந்த ஒரு வட்டம் மட்டும்
இன்னும் சிவப்பு என்று.
அன்ரன் ஐயா ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார்.
அவர் சிரித்தார். வட்டம் தப்பியது.

அந்த நாலு மாதமும்
மண்டையோடு கீறிய பலகைதான் காவல்.
இறாலுக்குப் போகிறவர்கள்கூட விலகிப் போனார்கள்.
இரண்டு குஞ்சு பறந்தது.
மூன்றாவதின் சிறகை நான்தான் பொறுக்கினேன்.

பிறகு மண்ணைத் துப்புரவாக்கி,
கட்டைகளைப் பிடுங்கி,
கையெழுத்து வாங்கிக் காணியைக் கொடுத்தோம்.
அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பவளராணி வந்தார், கையில் உறுதியோடு,
இருபத்தாறு வருசம்
ஆரோ வீட்டுக் கிணற்றில் குளித்த கோபத்தோடு.
பாலையை விற்றால் கூரைக்கு ஆகும் என்றார்.
அதில் பிழையொன்றும் எனக்குத் தெரியவில்லை.
மில்காரர் மரத்தைச் சுற்றி வந்தார், தட்டினார்.
"உள்ளுக்க சன்னம் கிடந்தா என்ர வாள் போயிடும் பிள்ளை,
உன்ர மெசினை ஒருக்கா வைச்சுப் பார்."
வைத்தேன்.
அடியிலிருந்து கை எட்டும் உயரம் வரை
மரம் முழுக்கக் கத்தியது.

அவர் போய்விட்டார்.
பொய் சொல்ல வேண்டி வரவில்லை.
வந்திருந்தால் சொல்லியிருப்பேனா?
அந்த இடத்தை நான் இன்னும் தோண்டிப் பார்க்கவில்லை.

இப்போது பவளராணியின் தகர வேலி
அந்த மரத்தடியில் மட்டும் வளைந்து போகிறது.
உடுப்புக் கொடியில் எச்சம், கிணற்றடியில் மீன்முள் என்று
கந்தோருக்கு மூன்று முறைப்பாடு எழுதியிருக்கிறார்.
நாலாவது, பட்ட நூலைப் பற்றி.
பொங்கலுக்கு ஒருத்தரும்
இந்தப் பக்கம் பட்டம் ஏற்றக் கூடாதாம்.
"அதுகள் சிக்குப்பட்டா
ஆர் உந்த மரத்தில ஏறுறது?"

ஏழாவது வருசம். தை மாதக் கணக்கெடுப்பு.
பனிக்குள் கணுக்கால் சேற்றில் நடந்து
பதினொன்று எண்ணினோம்.
அக்கரையில் இன்னொன்று நின்றது.
வலைக் கம்பாகவும் இருக்கலாம்.
அரை மணி நேரம் பார்த்தோம்.
"பன்னிரண்டு எண்டு போடன்,"
தவறூபிக்குப் பசி.

பழைய தொழில் கையை விடுவதில்லை.
பதினொன்று என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.