முப்பத்தெட்டுப் படி

இரண்டாம் குறுக்குத் தெருவில் எங்கள் துணிக்கடை.
லிஃப்ட் இல்லை. கணக்கறை மேல்மாடியில்.
படிகள் முப்பத்தெட்டு,
எண்ணிச் சொன்னவன் சுனெத்.

நேர்முகத்தில் நவ்ஃபர் முதலாளி
என் சான்றிதழைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்,
பிறகு நெடுநேரம் படிகளைப் பார்த்தார்.
"இப்போதைக்கு பில் எழுதுங்க."
அந்த இப்போதைக்கு
இரண்டு ஹஜ்ஜுப் பெருநாளும்
இரண்டு தீபாவளி விற்பனையும் தாண்டியது.

சித்திரையில் கடைசிப் பரீட்சையும் பாஸ்.
பெறுபேற்றை அவர் மேசையில் வைத்தேன்.
நானொன்றும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
பிளேன்டீ ஆறியது.

சனிக்கிழமை, மழை.
நாட்டாமிமார் நால்வர்
(தினமும் காலையில் என்னை நாற்காலியோடு
வாசற்கல் தாண்டித் தூக்கி வைக்கிறவர்கள்)
இரும்பு அலுமாரியை இறக்கினார்கள்.
பின்னால் கணினி, மின்விசிறி,
கலண்டர், அதன் ஆணி,
கடைசியாக
தன் முழங்காலைத் திட்டியபடி
கணக்காளர் சிற்சபேசன்.

பட்டுச் சேலைகள் மேலே போயின.
"ஏறக்கூடியவங்க ஏறி வாங்கட்டும்,"
முதலாளி யாரிடமோ தொலைபேசியில் சண்டை.
வாசலில் சிமெந்துச் சரிவு, ஈரம் காயவில்லை,
ஏற்கனவே ஒரு பூனை
நடந்து பார்த்திருக்கிறது.

திங்கள். என் முதல் பேரேடு.
எண்ணூற்று நாற்பது ரூபாய் உதைக்கிறது.
முதலாளி கத்தினார்,
எதிர்க்கடை பொத்தான் வியாபாரிக்கும் கேட்க.
முகம் சுட்டது. எழுந்தோட முடியாது,
ஓடவும் தோன்றவில்லை.
சிற்சபேசன் என் பக்கம் சாய்ந்தார்:
"வற் பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன்.
அங்கேதான் இருந்தது.