எண்ணிட்ட கற்கள்

காலை ஐந்தரை. புளோக் பதினேழின் படிக்கட்டு.
முதுகில் ஏழு கிலோ:
பொன்னி அரிசி ஐந்து, மீதி துவரம்பருப்பு.
பதினாறு மாடி, நாற்பத்தைந்து மீட்டர்.
இருபத்தெட்டு முறை ஏறினால் ஒரு பிரனீஸ் மலை.
நாலாவது முறையில் கதவு திறந்த ரொஹானா
லிஃப்ட் மறுபடி ரிப்பேரா என்று கேட்டாள்.
ஸ்பெயின் போகிறேன் என்றேன்.
படி வழியாகவா என்றாள்.

பையில் சிப்பி ஒன்று தைத்திருக்கிறேன்,
யாத்ரீகர் அடையாளம்.
தேக்கா மீன்கடையில் சும்மா கொடுத்தார்கள்.
மூன்று நாள் ஊறவைத்தும் வாடை போகவில்லை.

வீவக வீடுகளில்
முப்பத்தொரு வருடம் விரிசல் அளந்தவள் நான்.
தாங்கும் சுவர் என்றால் சிவப்பு மை,
பூச்சு மட்டும் என்றால் பென்சில்.
பூர்கோஸ் பேராலயத்தின் ஊசிமுனைகளைப்
படத்தில் பார்த்து எல்லோரும் கைகூப்ப,
எனக்கு முதலில் தோன்றியது
மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதே.
ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலிலும்
பூசை நடுவே கூரையைத்தான் பார்ப்பேன்.
மாதா கோபித்ததில்லை.

ஞாயிறுகளில் பழைய ரயில்பாதை.
புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் நின்று
புவெந்தே லா ரெய்னா என்று சொல்லிப் பார்த்தேன்.
அங்கே நடப்பவர்கள் ஆற்றைக் கடக்க
ஓர் அரசி கட்டிக்கொடுத்தாளாம், ஆறு வளைவு.
இங்கே ரயில் போய்விட்டது, பாலம் இருக்கிறது.
மணப்பெண் ஒருத்தி படமெடுத்துக்கொண்டிருந்தாள்,
கொஞ்சம் தள்ளிப் போங்க ஆன்ட்டி என்றார்கள்.
தள்ளிப் போனேன்.

ஃப்ரோமிஸ்தாவில் கூரையோரம்
முந்நூறுக்கு மேல் கல்முகங்களாம்,
மனிதர், மிருகம், பெயர் வைக்க முடியாதவை.
சிராங்கூன் சாலைக் கோபுரங்களை
அண்ணாந்து பார்த்து வளர்ந்த கழுத்து இது,
சமாளித்துக்கொள்ளும்.
லெயோனின் வண்ணக் கண்ணாடிகளைப் பற்றி
இங்கிருந்து எதுவும் சொல்லத் தெரியவில்லை.

போர்த்தோமரீன்தான் என்னைத் தூங்கவிடவில்லை.
அணை கட்டினார்கள், ஊர் முழுகப் போகிறது.
கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து,
ஒவ்வொன்றிலும் எண் எழுதி,
மேட்டில் கொண்டுபோய் அதே வரிசையில் அடுக்கினார்களாம்.
எண்கள் இன்னும் தெரியுமாம்.

பிடாரி கல்லறைத் தோட்டத்தில்
அப்பாவுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள்.
முளைக்குச்சியில் கறுப்புப் பெயின்ட்: 1187.
விடியுமுன் தோண்டினார்கள், தூறல்,
குடையை நான் அவருக்குப் பிடித்தேன், எனக்கில்லை.
கிடைத்தது ஒரு பெட்டி.
இப்போது சுவா சூ காங்கில் ஒரு மாடம்,
வேறு எண்.
அதே வரிசையில் யாரும் அடுக்கவில்லை.
குறையென்று சொல்லவில்லை. வீடு வேண்டும்தானே.
அந்த இடத்தில் எழும்பிய புளோக்குகளுக்கு
முதல் விரிசல் சோதனைக்கு வந்தவள் நானே.
எல்லாம் பென்சில்தான்.

அப்பா பெயர் சந்தியாகு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்.
அங்கே சாலையோரப் பலகைகளில் அவர் பெயர்.
மலை இறங்கியதும் ஒன்று:
சந்தியாகு, 790 கி.மீ.
பிறகு குறைந்துகொண்டே வரும்.

வழியில் ஓர் இரும்புச் சிலுவை,
அதனடியில் அவரவர் ஊர்க் கல்லை வைக்க வேண்டும்.
நேற்று உட்லேயில் இறங்கிப் பிடாரி போனேன்.
எங்கும் புல், ரப்பர் தரை, ஊஞ்சல்.
அரைமணி நேரம் குனிந்து தேடியவளிடம்
காவலாளி என்ன தொலைத்தீர்கள் என்றார்.
கடைசியில் சாக்கடை ஓரத்தில் ஒரு சரளைக்கல்,
எந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்ததோ.

கழுவி, காயவைத்து,
பழைய சிவப்பு மையில் எண்ணை எழுதினேன்.
சமையலறைத் தராசில் நூற்று நாற்பது கிராம்.
அவ்வளவு பருப்பைப் பையிலிருந்து அளந்தெடுத்து
டப்பாவில் திரும்பக் கொட்டினேன்.