எட்டாம் வகுப்பு, ஐந்தாம் பாடவேளை

செவ்வாய் இரண்டு மணிக்கு
நிறமாலை ஆய்வகம்.
அதே செவ்வாய், அதே இரண்டு மணிக்கு,
குன்றுக்கு அந்தப் பக்கம்
‘வளரிளம் பருவமும் கற்றலும்’.
அட்டவணை போட்டவருக்குத் தெரியாது
இரண்டிலும் இருப்பது ஒருத்திதான் என்று.
அலுவலகத்தில் போய்ச் சொன்னேன்.
“இரட்டைப் பட்டமா?” என்று கேட்டு
இரண்டு படிவம் கொடுத்தார்கள்.

வேதியியல்காரர்கள் என்னை “டீச்சர்” என்பார்கள்,
கொஞ்சம் இரக்கத்தோடு.
கல்வியியல் துறையில் நான் அந்த சயின்ஸ் பெண்.
ப்ரொஜெக்டர் நின்றுபோனால்
எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும்.

நாலாம் வருடம், ஆகஸ்ட் குளிரில்
ஆறு வாரப் பயிற்சிக்கு வையல்லாவுக்கு அனுப்பினார்கள்.
அடிலெய்டிலிருந்து பஸ்.
இரும்பாலை ஊர், சிவப்புத் தூசி.
வெள்ளைக் கார் வாங்கியவர்கள் எல்லோரும் அங்கே
இளஞ்சிவப்புக் கார் ஓட்டுகிறார்கள்.

மோட்டல் அறையில் இஸ்திரிப் பலகைதான் மேஜை.
அதில் வைத்துப் பாடத்திட்டம் எழுதினேன்.
தலைப்பு: அடர்த்தி. நேரம்: ஐம்பது நிமிடம்.
‘எதிர்பார்க்கும் ஆபத்து’ என்ற கட்டத்தில்
‘இல்லை’ என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

தண்ணீரில் மூழ்குகிற எதையாவது
வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.
சாவி வந்தது, கூழாங்கல் வந்தது,
ஒருவனுடைய தங்கையின் பொம்மைத் தலை வந்தது
(மிதந்தது).
பிரைடி வுகோவிச் கொண்டுவந்தது ஒரு போல்ட்,
கட்டைவிரல் பருமன், அப்பாவின் ஷெட்டிலிருந்து.
எழுபத்தெட்டு கிராம்.
நான் சொல்லாமலே இரண்டு முறை எடை போட்டாள்.

பிறகு அதைக் கண்ணாடி அளவு ஜாடிக்கு
நேர் மேலே பிடித்து
விட்டாள்.

சத்தம் சின்னதுதான்.
அடிப்பாகம் காசு போலக் கழன்று உருண்டது.
தண்ணீர் பெஞ்சைக் கடந்து
அவள் நோட்டுக்குள் புகுந்தது.
இருபத்தைந்து பேர் என்னைப் பார்த்தார்கள்.
அவள் மட்டும் போல்ட்டைப் பார்த்தாள்.

ஜாடியைச் சாய்த்துப் பிடி,
பொருளைச் சுவரோடு சறுக்கிவிடு.
இது எனக்குத் தெரியும்.
நாலு வருடமாக என் மணிக்கட்டுக்குத் தெரியும்.
வாய்க்குத்தான் தெரியாது;
எந்தப் பரீட்சையிலும்
இதற்கு மதிப்பெண் இருந்ததில்லை.

“தப்பு உன்னுடையது இல்லை. நான் சொல்லவில்லை.”
அவள் நம்பின மாதிரி இல்லை.
“உங்களுக்கு யார் சொன்னாங்க, மிஸ்?”

யாரும் சொல்லவில்லை.
முதல் வருடம் நானும் ஒன்றை உடைத்தேன்.
பதினெட்டு டாலர் கட்டினேன்.
அதைச் சொன்னதும் வகுப்பே “பதினெட்டா!” என்றது.
அன்றைக்கு அவர்கள் முழுசாகக் கேட்ட
ஒரே எண் அதுதான்.

அலமாரியில் பிளாஸ்டிக் ஜாடி இருந்தது.
சாய்த்தாள். சறுக்கினாள். பத்து மில்லி ஏறியது.
ஈரத்தாளில் ஏழு புள்ளி எட்டு என்று எழுதினாள்,
மை கசிந்து எட்டு ஒரு பூவானது.
“அப்படியானால் இது என்ன?” என்றேன்,
பெரிய மர்மத்தைத் திறக்கிற குரலில்.
“எஃகு, மிஸ். கொண்டுவரும்போதே தெரியும்.”

இரவு அந்தக் கட்டத்துக்குத் திரும்பி வந்தேன்.
‘இல்லை’யை அடித்துவிட்டு
மணிக்கட்டைக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.
தீக்குச்சி முதலில், கேஸ் பிறகு.
தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் அல்ல.
பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதாதே.
சூடான கண்ணாடி
பார்க்க ஆறிய கண்ணாடி போலவே இருக்கும்.
கட்டம் நிறைந்து ஓரத்துக்குப் போனேன்,
ஓரம் நிறைந்து பின்பக்கம்.
இன்னும் இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே ஆலையின் வெளிச்சம்.
அழுத்தி எழுதினால்
இஸ்திரிப் பலகை ஆடும்;
ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே எழுதினேன்.